பினாங்கில் ஒரு புற்றுநோய் மருந்தாய்வு: 14 மாதங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

"நீங்கள் இரண்டு கைகளில் ஏதேனும் ஒன்றில் வைக்கப்படுவீர்கள். உங்கள் மருத்துவர் குருடாக்கப்பட்டிருப்பார்."

பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையில், பெருங்குடல் புற்றுநோய்க்கான மருந்தாய்வில் சேர்வதற்காக என்னிடம் கொடுத்த தமிழ் ஒப்புதல் படிவத்தின் ஏழாம் பக்கத்தில் இந்த இரண்டு வரிகளும் இருந்தன. 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். மூன்று முறை படித்தேன். புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஆங்கிலப் படிவத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான், ஆய்வின் பிரிவைக் குறிக்கும் 'ஆர்ம்' என்ற சொல்லைக் கை என்றும், யாருக்கு எந்த மாத்திரை என்று மருத்துவருக்கும் தெரியாது என்பதைக் குருடு என்றும் யாரோ பெயர்த்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

அந்த ஆய்வில் நான் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. சேர்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மருந்தாய்வில் சேரலாமா என்று கேட்டு இந்த ஆண்டு மட்டும் நான்கு பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் மருத்துவமனை, மருந்து, நிறுவனம் எதன் பெயரையும் எழுதவில்லை. சேவை எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாதங்கள் மலத்தில் இரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு கருணைக்கிழங்கு சாப்பிட்டேன். நான் வசிக்கும், தீவுக்கு எதிர்க்கரையான பிறை என்ற ஊரில் உள்ள அரசாங்கக் கிளினிக்கில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்கிறார்கள். ஒரு சிறு குப்பி, ஒரு குச்சி, அவ்வளவுதான். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். மலேசிய ஆண்களிடையே முதலிடத்திலும், ஆண் பெண் இருபாலரையும் சேர்த்தால் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்திலும் இருக்கும் புற்றுநோய் இது. நம்மவர்கள் வீட்டில் இதன் பெயரை உரக்கச் சொல்வதுகூட இல்லை. எனக்கு மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சையில் எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்று இருந்தது.

மருந்தாய்வில் சேர நான் ஏன் மனம் இசைந்தேன் என்பது அடுத்து நடந்த கீமோவில் இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஆக்சாலிப்ளாட்டின் ஊசி, இடையில் 14 நாள்கள் கேப்சிடாபின் மாத்திரை. முன்பெல்லாம் இதை எட்டுச் சுற்று, ஆறு மாதம் கொடுப்பார்கள். எனக்கு நான்கே சுற்று. காரணத்தை டாக்டரிடம் கேட்டேன். ஆறு மாதம் தேவையா, மூன்று மாதம் போதுமா என்று 12 நாடுகளில் 12,834 நோயாளிகளிடம் நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள் என்றும், என்னைப்போல் ஒன்று முதல் மூன்று முடிச்சுகளில் மட்டும் பரவி, கட்டியும் குடலின் வெளிச்சுவரைத் தாண்டி ஊடுருவாதவர்களுக்கு, இந்த இரு மருந்துகளும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்றும் சொன்னார்.

அந்த நான்கு சுற்றிலேயே என் கால்விரல்கள் மரத்துவிட்டன. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்தும். பினாங்கு வெயிலில் ஒரு வாய் ஐஸ் தண்ணீர் குடிக்க முடியாது, தொண்டை இறுகிவிடும். ஐஸ் போட்ட செண்டோல் இனிப்பு விற்கும் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்த மரப்பு ஆக்சாலிப்ளாட்டின் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். எட்டுச் சுற்று ஏறியிருந்தால் இன்று பேனா பிடித்து எழுதியிருப்பேனா என்று தெரியாது. அந்த 12,834 பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. குறைந்த சிகிச்சை கிடைத்தாலும் ஏற்கும் துணிவோடு அவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த ஆக்சாலிப்ளாட்டினே 2,246 நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வெளியான பிறகுதான் இந்தச் சிகிச்சைக்குள் வந்தது.

மருந்தாய்வில் சேரப்போகிறேன் என்று என் அக்காவிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். "உன்னைச் சோதனை எலி ஆக்குகிறார்கள், நீ தலையாட்டிக்கொண்டு போகிறாய்" என்றார். அந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நாஜி முகாம்களில் மனிதர்களை வைத்துச் செய்த கொடுமைகளுக்குப் பிறகுதான் 1947இல் நூரம்பெர்க் நெறிமுறை எழுதப்பட்டது. அதன் முதல் விதியே, பங்கேற்பவர் தானே விரும்பித் தரும் ஒப்புதல் கட்டாயம் வேண்டும் என்பதுதான். 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. ஒப்புதல் என்பது இவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கிய சொல். அதனால்தான் அந்தக் 'கை'யும் 'குருடு'ம் எனக்கு அச்சுப்பிழைகளாகத் தெரியவில்லை. புரியாத தாளில் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இளம் டாக்டர் ஒருவர், "இன்றே கையெழுத்திட்டால் இன்றே இரத்தம் எடுத்துவிடலாம், உங்களுக்கும் ஒரு நடை மிச்சம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அது தவறு. 24 பக்கங்களைப் படிக்க அரை மணி நேரம் எப்படிப் போதும்? வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன் என்றேன். எந்தத் தடையும் சொல்லவில்லை. நீங்கள் போகும் இடத்திலும் அப்படியே செய்யுங்கள். அது உங்கள் உரிமை.

பிறைக்குத் திரும்பும்போது ஃபெரியிலேயே படிக்கத் தொடங்கினேன். இப்போது கார்கள் ஃபெரியில் ஏறுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான்; அதனால் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கும். மூன்று நாள் படித்தேன். சிவப்புப் பேனாவால் 31 இடங்களில் அடிக்கோடு போட்டேன். பங்கேற்பாளரைக் குறிக்கும் 'சப்ஜெக்ட்' என்ற சொல் 19ஆம் பக்கம் முழுவதும் 'பாடம்' ஆகியிருந்தது. "பாடம் இறந்தால் அவரது தகவல்கள் தொடர்ந்து பயன்படுத்தப்படும்" என்ற வரியை என் கணவர் வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிட்டார். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பாட்டி இதை எப்படிப் புரிந்துகொள்வார்? மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். ஒரு தமிழ் வாசகரிடம் கொடுத்து ஒருமுறை படித்துக் காட்டச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. இந்தச் சேவையில் எனக்கு இருக்கும் மிகப் பெரிய மனக்குறை இது.

நான்காம் நாள் திரும்பப் போனபோது ஆய்வு ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்தேன். கப்பளா பத்தாஸ் பக்கத்து மலாய்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். ஆசிரியை என்று தெரிந்ததும், ஆசிரியரை மலாயில் அழைக்கும் 'சிக்கு' என்ற சொல்லாலேயே கூப்பிடத் தொடங்கினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கைத்தொலைபேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் மலாயில் விளக்கினார். கேள்வி கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் கூடியது.

யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும், எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்றார். உடனே எனக்கு, 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வின் தாள்கள் நினைவுக்கு வந்தன. தாளில் மாணவர் பெயர் இருந்ததில்லை, எண் மட்டும் இருந்தது. பெயர் தெரிந்தால் திருத்துபவரின் மனம் ஒரு பக்கம் சாயும். இதை அவரிடம் சொன்னேன். "அதேதான் சிக்கு" என்று மேசையைத் தட்டினார். 'குருடாக்கப்பட்ட மருத்துவர்' சொல்ல வந்தது இவ்வளவுதான்.

வெற்று மாத்திரை என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்: சிகிச்சை கொடுக்காமல் ஏமாற்றிவிடுவார்களா? எனக்குரிய அறுவை சிகிச்சையும் கீமோவும் முழுமையாக முடிந்த பிறகுதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. தேதி பார்த்துச் சோதனைகள் மட்டும் செய்வார்கள். அதன்மேல் ஒரு மாத்திரையைச் சேர்த்தால் நோய் திரும்புவது குறையுமா என்பதுதான் கேள்வி. எந்த மருந்தாய்வானாலும் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: எனக்கு வழக்கமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் ஏதாவது குறைகிறதா? எத்தனையாவது கட்ட ஆய்வு என்றும் கேளுங்கள். முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும் அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களிடம், சில சமயம் ஆயிரக்கணக்கானவர்களிடம், இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். என்னுடையது மூன்றாம் கட்டம்.

பலன் தெரியாமலும் போகலாம் என்பதையும் ஒருங்கிணைப்பாளர் மறைக்கவில்லை. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையம் தலைமையேற்று, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 1,587 பேரிடம் மூன்று ஆண்டுகள் தினமும் 200 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வை எடுத்துச் சொன்னார். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. தன் வேலைக்கு ஆள் சேர்க்க வந்தவர் இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அன்று மாலை கையெழுத்திட்டேன். மிச்சமுள்ள திசுவை எதிர்கால ஆராய்ச்சிக்காகச் சேமிப்பதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் வேண்டாம் என்று குறித்தேன். அதனால் ஆய்வில் சேர்வதற்கு எந்தப் பாதிப்பும் வரவில்லை.

வருகை நாள்கள் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காலை ஏழரைக்குப் போனால் ஆறு குழாய் இரத்தம், இதயத் துடிப்புப் பதிவு, எடை, இரத்த அழுத்தம். பிறகு வாழ்க்கைத் தரம் பற்றிய 30 கேள்விகள். இந்தக் கேள்வித்தாளின் தமிழ் நன்றாக இருந்தது என்பதை இங்கே பாராட்டியே ஆக வேண்டும். மாத்திரைப் புட்டியைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், காலியாக இருந்தாலும். மிச்ச மாத்திரைகளை எண்ணி, நான் எழுதிய நாட்குறிப்போடு சரிபார்ப்பார்கள். வழக்கமான புற்றுநோய்க் கிளினிக்கில் நான் சராசரியாக நான்கு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். இங்கே பதினொன்றரைக்கெல்லாம் வெளியே வந்துவிடுவேன். டாக்டர் அவசரப்படுத்துவதில்லை. படிக்கட்டில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதைக்கூடத் தேதியோடு பதிந்தார்கள். மருந்தால் வந்ததா இல்லையா என்று நோயாளி முடிவு செய்யக் கூடாதாம். எது நடந்தாலும் சொல்லிவிட வேண்டும். அதையெல்லாம் தனியாக ஒரு கண்காணிப்புக் குழு பார்க்கிறது. ஆபத்து தெரிந்தால் ஆய்வையே நிறுத்தச் சொல்லும் பொறுப்பு அதற்கு உண்டு.

மூன்றாம் வருகை தைப்பூசத்துக்கு முதல் நாள் விழுந்தது. வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் போகும் நாள், சாலைகள் அடைபடும். எனக்கோ நேர்த்திக்கடன் இருந்தது. ஒருங்கிணைப்பாளரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஒவ்வொரு வருகைக்கும் முன்னும் பின்னும் மூன்று நாள் இடைவெளி உண்டு என்று சொல்லி உடனே மாற்றிக் கொடுத்தார். முன்பே தெரிந்திருந்தால் தீபாவளி வாரத்தில் அப்படி ஓடியிருக்க மாட்டேன். இதை அவர்களே முதலில் சொல்ல வேண்டும்.

இரவு அழைப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நியாயமாகாது. கையில் எப்போதும் வைத்திருக்கும்படி ஓர் அட்டை தருவார்கள். அதில் 24 மணி நேரத் தொலைபேசி எண் இருக்கும். நான்காம் மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு, குளிர்காய்ச்சல். என் கணவர் அந்த எண்ணை அழைத்தார். தொலைபேசியின் மூன்றாவது மணி அடிக்கும்போதே ஒருங்கிணைப்பாளரே எடுத்தார். எத்தனை முறை, இரத்தம் உண்டா, காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பக்கத்து அவசரப் பிரிவுக்கு அந்த அட்டையோடு போகச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த டாக்டரிடம் எங்கள் டாக்டர் பேசிவிட்டிருந்தார். இரண்டு நாளில் சரியானது. கெட்டுப்போன சாப்பாடா, மாத்திரையா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த மூன்றாவது மணியை நான் மறக்கவில்லை.

குறைகள் இன்னும் உண்டு. ஒரு வருகைக்கு 60 ரிங்கிட் பயணப் படி. முதல் நாள் மட்டும் கையில் ரொக்கமாகத் தந்தார்கள்; பிறகு வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொல்லி, முதல் தவணை வர நான்கு மாதம் ஆனது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த 60 ரிங்கிட் அன்றைய சோறு. இரண்டாவது, மொழி. ஒருமுறை பக்கத்து அறையில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு விளக்க, துப்புரவுப் பணியாளரை அழைத்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா தன்னால் இயன்றதைச் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை. படிக்கத் தெரியாத ஒருவர் ஒப்புதல் தரும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு விளக்கத்தின்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. அது மருத்துவமனைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றே எழுத்து மூலம் புகார் கொடுத்தேன்.

சிவப்புக் கோடு போட்ட படிவம் என்ன ஆயிற்று என்றால், ஒருங்கிணைப்பாளர் அதை நகலெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார். ஒப்புதல் படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் நெறிமுறைக் குழு மீண்டும் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பதால் உடனே நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் புதிய படிவம் வந்தது. அடியில் புதிய பதிப்பு எண், புதிய தேதி. 'கை' போய் 'பிரிவு' வந்திருந்தது. "உங்களுக்குக் கிடைப்பது எந்த மாத்திரை என்பது உங்களுக்கோ உங்கள் மருத்துவருக்கோ தெரியாது" என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நான் மீண்டும் முழுவதையும் படித்து, மீண்டும் கையெழுத்திட்டேன். 31இல் 27 திருத்தியிருந்தார்கள். மற்ற நான்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லா ஆய்வும் மருந்தைப் பற்றியது என்று நினைக்க வேண்டாம். கீமோ முடிந்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரை வைத்து, கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று நடத்திய ஓர் உடற்பயிற்சி ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. பயிற்சியாளரின் துணையோடு மூன்று ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தவர்களில் 80 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 74 விழுக்காடு. டாக்டர் இதைச் சொன்ன மறுநாளிலிருந்து தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன், மரத்த கால்விரல்களோடுதான்.

சென்ற மாதம் வருகையின்போது, சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த ஓர் அம்மாவை வெளியே பெஞ்சில் சந்தித்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுத்துத் தெரியாது. இந்த முறை வேறு பிரிவிலிருந்து தமிழ்த் தாதி ஒருவர் வந்து, மகனும் பக்கத்தில் இருக்க, புதிய படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். "வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா, டீச்சர்?" என்று என்னிடமும் கேட்டார். மாட்டார் என்றேன். மாதாமாதம் இவ்வளவு தூரம் வர முடியாது, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை என்றார். உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வழக்கமான கிளினிக்குக்கு அடுத்த தேதியை எழுதிக் கொடுத்திருந்தார்கள், டாக்டரும் அதே டாக்டர்தான். அன்றைய பயணப் படியையும் கொடுத்திருந்தார்கள். அதற்கு மட்டும் கைநாட்டு வைத்ததாகச் சொல்லி, பெருவிரலில் இருந்த மையை என்னிடம் காட்டினார்.